பேச்சித்தாய் வாசலில் நின்று சொன்ன வார்த்தை

ரெண்டாம் கேட் காலனிக்குள் அந்தச் சாய்வு நாற்காலி தானாக நடந்து வந்ததை முதலில் பார்த்தது மினி பஸ் கண்டக்டர்தான் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை, வேப்பமரத்தடியில் படுத்திருந்த எருமைதான் முதலில் எழுந்து வழிவிட்டது என்று இன்னொரு கட்சி, ரெண்டும் இன்றைக்கு வரை அடித்துக்கொள்கிறது. ஆனால் நாற்காலி நடந்ததா இல்லையா என்று அங்கே ஒருத்தரும் அடித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அது நடந்தது, மத்தியானம் மூணு மணிக்கு, தண்ணி லாரி வந்து நிற்க, காலனியே குடமும் கையுமாகத் தெருவில் நிற்க நடந்தது, அதைப் போய் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆனால் கதையை நாற்காலியில் ஆரம்பித்தால் உருப்படாது. பேச்சித்தாயில் ஆரம்பிக்கணும்.

பேச்சித்தாய் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள், நாற்பத்தஞ்சு வயசு, நாக்கின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் சங்கரபாண்டி, "திருப்பூர்ல ஒரு சோலி, போயிட்டு வர்றேன்" என்று பையைத் தூக்கினான், அவளும் வாசலில் நின்று, கட்டின புருஷன் கிளம்பும்போது எல்லாரும் சொல்கிற மாதிரி, "போயிட்டு வாங்க" என்றாள். போனான். அங்கே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டான் என்கிற சேதி வந்தது, அவன் வரவில்லை. முதல் ரெண்டு வருஷம் அழுதாள், மூணாவது வருஷம் அழுகை தன்னால் நின்றுவிட்டது, அதற்கப்புறம் பார்த்தால் அவன் போனது ஒன்றும் அவளுக்குப் பெரிசாகத் தெரியவில்லை, அவன் விட்டுவிட்டுப் போனதுதான் பெரிசாகத் தெரிந்தது.

என்னத்தை விட்டுவிட்டுப் போனான்? முன்ரூம் நிறைய விட்டுவிட்டுப் போனான். அவன் அப்பாவின் சாய்வு நாற்காலி, அவன் அம்மாவின் கண்ணாடி கீறல் விட்ட இரும்பு பீரோ, அவன் அண்ணன் வீட்டில் இடம் இல்லையென்று இங்கே கொண்டுவந்து போட்ட கட்டில், மாவு வியாபாரம் பண்ணப் போகிறேன் என்று அவனே வாங்கி ஒரு தீபாவளிக்கு மட்டும் ஆட்டிய பெரிய கிரைண்டர், என்ஜினைக் கழற்றி விற்ற பிறகு மிஞ்சிய ஸ்கூட்டர் கூடு. வீடு அவள் பேரில்தான் இருந்தது, ஆனால் அவள் படுத்தது அடுப்படிக்கும் முன்ரூமுக்கும் நடுவில் இருக்கிற நடையில், ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, இருபத்தாறு வருஷமாக.

அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்த முன்ரூமைக் காலி பண்ணி, தரையை நாலு வாளி தண்ணீர் விட்டுக் கழுவி, நட்டநடுவில் மல்லாந்து, ரெண்டு கையையும் ரெண்டு பக்கமும் நீட்டிப் படுக்கணும்.

பக்கத்து வீட்டு ஜெயக்கொடியிடம் ஒருநாள் சொன்னாள். ஜெயக்கொடி வாயாடி, ஆனால் வஞ்சகம் இல்லாதவள்.

"படுத்து?" என்றாள் ஜெயக்கொடி.

"படுத்து ஒண்ணுமில்ல. சும்மா."

"யாராவது நைட்டி தைக்கிறவளுக்கு வாடகைக்கு விடப் போறீகளா மதினி? எங்கிட்ட மறைக்காதீக."

"யே, சும்மான்னா சும்மாதான். காலி ரூமு. அதுல நானு."

ஜெயக்கொடி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் போகிக்குப் பழைய பாயும் டயரும் கொளுத்தினதில் மூணு பிள்ளைகளுக்கு மூச்சு முட்டிப் போக, தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையரான குருநாதன் சார், இனி ஒருத்தரும் எதையும் கொளுத்தக் கூடாது என்று சொல்லி வாட்சப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார். பழையன கழிதல் என்பார்களே, அதை வைத்து அதற்குக் "கழியட்டும்" என்று பேர். வேண்டாத சாமானைப் படம் பிடித்துப் போடணும், வேணும் என்கிறவர் "எனக்கு" என்று எழுதணும், முதலில் எழுதினவருக்குப் பொருள், விற்கக் கூடாது, அரசியல் பேசக் கூடாது, காலை வணக்கம் போடக் கூடாது. ஒரு வாரத்துக்குள் காலனி முழுக்க ஓட்டமும் சாட்டமுமாக ஆகிவிட்டது. மூடி இல்லாத டப்பா ஒரு வீட்டிலிருந்து போக, டப்பா இல்லாத மூடி இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு வந்த ஒரு மயில் கடிகாரம் பதினோரு வீடு சுற்றி, கடைசியில் அதை முதலில் தொலைத்துத் தலைமுழுகின வீட்டுக்கே, அந்த வீட்டு மாப்பிள்ளை தெரியாமல் "எனக்கு" என்று எழுதினதால், திரும்பி வந்து அங்கே ஒரு சண்டையே நடந்தது.

பேச்சித்தாய் முதலில் போட்டது சாய்வு நாற்காலியை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சலூன் வைத்திருக்கிறவர் "எனக்கு" என்றார், ஆளோடு வந்தார், தூக்கினார். நாற்காலி வாசப்படியைத் தாண்டும்போது பேச்சித்தாய், என்ன இருந்தாலும் மாமனார் உட்கார்ந்தது, வெறுமனே எப்படி அனுப்ப என்று, "போயிட்டு வா" என்றாள்.

மூணாம் நாள் அது வந்தது.

நாலு காலையும் மாற்றி மாற்றி வைத்து, அவசரப்படாமல், பென்ஷன் வாங்கிவிட்டுத் திரும்புகிற ஆள் மாதிரி வந்தது. ரயில்வே கேட் அடைத்திருந்தபோது பைக்கில் வந்தவன்கள் எல்லாம் கம்பிக்கு அடியில் தலையைக் கொடுத்து நுழைய, அது மட்டும் ஒழுங்காக நின்று, ரயில் போய், கேட் தூக்கின பிறகுதான் தண்டவாளத்தைக் கடந்தது. வாசலில் வந்து ஒருமுறை காலை உதறியது. உள்ளே போய்ப் பழைய இடத்தில் நின்றது. அதன் துணியில் சலூன் பவுடர் வாசம் அடித்தது.

"பார்த்து வரப்படாதா, குடத்துல இடிச்சிருச்சே" என்று தண்ணி லைனில் நின்ற ஒருத்தி சொன்னதோடு சரி, லைன் மேலே நகர்ந்தது.

பீரோவும் அப்படித்தான். புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி கொண்டுபோனாள், எட்டாம் நாள் அது அவளுடைய முகூர்த்தப் பட்டுச்சேலையையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே கிளம்பி வந்துவிட, அந்தப் பெண் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து பாதி வழியில் அதை நிறுத்தி, கதவைத் திறந்து சேலையை எடுத்துக்கொண்டு, "சரி, இனிமே போ" என்றாள். பீரோ அவள் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை, அது பேச்சித்தாய் சொன்ன வாக்கில் வந்துகொண்டிருந்தது. கட்டில் வந்தபோது அதன்மேல் மூக்கையா என்கிற பெரியவர் தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார். கண்ணை முழித்தவர் கூரையைப் பார்த்தார், பேச்சித்தாயைப் பார்த்தார், "காப்பி போட்டிருக்கியா தாயி?" என்று கேட்டார். குடித்துவிட்டு நடந்து வீடு போனார்.

கண்டுபிடித்தது ஜெயக்கொடிதான். கிரைண்டர் ரெண்டாம் தடவை கிளம்பும்போது பக்கத்தில் நின்றவள், பேச்சித்தாய் வாயிலிருந்து விழுந்த வார்த்தையைக் கேட்டு, "அய்யய்யோ மதினி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னடி?"

"போயிட்டு வான்னா வராம என்ன செய்யும்? உங்களுக்குக் கருநாக்குல்லா! நீங்க வரச் சொல்றீக, அது வருது."

"எல்லாருந்தான் சொல்றாக. உலகமே சொல்லுது."

"உலகத்து நாக்குல மச்சம் இல்லயே."

அத்தோடு விசாரணை முடிந்தது. காலனிக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை, காரியம்தான் தேவைப்பட்டது. யோசித்துப் பாருங்கள், தூக்கிக்கொண்டு போனால் போதும், திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை இல்லை, வேலை முடிந்ததும் தானாக வீடு போய்ச் சேர்கிற சாமான் எந்த ஊரில் கிடைக்கும்? காதுகுத்துக்குக் கிரைண்டர், பிள்ளை பெற்று வந்தவளுக்குக் கட்டில், பொண்ணு பார்க்க வருகிற அன்றைக்கு ஹாலில் நிறுத்த பீரோ, கட்சிக் கூட்டத்துக்குத் தலைவர் உட்கார நாற்காலி என்று, குருநாதன் சார் தேதி போட்டு, வார்டு போட்டு, ஒரு பட்டியலே தயாரித்தார். பேச்சித்தாயின் வேலை வாசலில் நின்று அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்வது. தீப்பெட்டி ஆபீஸுக்கு அவள் ஒரு நாள் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை, காதுகுத்து தாமதமாகக் கூடாது.

போன சாமான் ஒவ்வொன்றும் ஊர் வாசத்தை ஏற்றிக்கொண்டு வந்தது. கிரைண்டர் கருவாட்டு வாசத்தோடும், கட்டில் பச்சைப்பிள்ளையின் மூத்திர வாசத்தோடும், நாற்காலி பீடி வாசத்தோடும் வந்து முன்ரூமில் நெருக்கியடித்து நின்றன. பேச்சித்தாய் நடையில் ஒருக்களித்துப் படுத்தபடி அதுகளைப் பார்ப்பாள். எரிச்சல் வரும். காலனிக்கே இடம் இருக்கு, எனக்கு ரெண்டு கை நீட்ட இடம் இல்லையா என்று வரும்.

ஒன்றும் சொல்லாமல் அனுப்பிப் பார்த்தாள். எழவு வீட்டில் மட்டும்தானே வாயைத் திறக்காமல் கிளம்புகிறோம், அந்த மாதிரி. ஆனால் அன்றைக்கு நாலு ஆம்பளைகள் தூக்கியும் பீரோ வாசப்படியைத் தாண்டவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போகிற பழக்கம் அதற்கு இல்லை. வாசலிலேயே, விருந்தாடி மாதிரி, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அப்ப ஒண்ணுதான் பாக்கி. போன்னு சொல்லிர வேண்டியதுதான்" என்று தண்ணி லைனில் வைத்துச் சொன்னாள் பேச்சித்தாய்.

அவ்வளவுதான், லைன் உடைந்தது.

"விளக்கு வைக்கிற வீட்டு வாசல்ல நின்னு போன்னு சொல்லுவாளா ஒரு பொம்பள?"

"மூதேவியத்தான் போன்னு சொல்லணும்."

"இவ நாக்குக்குப் போன்னா பீரோ மட்டும் போகும்னு என்ன நிச்சயம்? தண்ணி லாரி போயிட்டா?"

"பதினெட்டாந் தேதி எங்க வீட்டு விசேஷம், கிரைண்டர் எழுதி வச்சிருக்கேன், அது முடியட்டும் ஆத்தா."

அன்று சாயங்காலமே குருநாதன் சார் குரூப்பில் ஒரு அறிவிப்புப் போட்டார். 'திருமதி பேச்சித்தாய் அவர்கள் தம் வாசலில் நின்று போ என்னும் சொல்லைப் பயன்படுத்துவது காலனியின் பொது நலனுக்கு உகந்ததன்று எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' அதற்கு நாற்பத்தேழு பேர் கைதட்டினார்கள். நேரில் பார்த்தபோது, "அந்த ரூம்பு காலியானா நீ என்னம்மா செய்யப் போற? சும்மாதான கெடக்கும்?" என்று தன்மையாகக் கேட்டார்.

"சும்மா கெடக்கத்தான் சார் கேக்கேன்."

"அதான் கேக்கேன், சும்மா கெடந்து?"

பதில் தெரியாத ஆசைக்கு யார் மதிப்பு கொடுப்பார்கள்? வாசலில் நின்று போ என்று சொல்ல அவளும் முயற்சி பண்ணினாள், பொய் இல்லை, பத்துத் தடவையாவது முயற்சி பண்ணினாள். 'போ' வரைக்கும் வந்த நாக்கு, பிறந்ததிலிருந்து பழகின பழக்கத்தில், 'யிட்டு வா' என்று தானாக முடித்துவிடும். அப்படியே அந்த வருஷம் கழிந்து, அடுத்த போகி வந்தது.

போகியன்று மத்தியானம் மூணு மணிக்கு, தண்ணி லாரி வந்து நிற்கிற நேரத்துக்கு, சங்கரபாண்டி வந்தான்.

அவன் நடந்து வந்த விதத்தைப் பார்த்ததும் லைனில் நின்றவர்களுக்கு விளங்கிவிட்டது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ரயில்வே கேட்டில் கம்பிக்கு அடியில் நுழையாமல் ஒழுங்காக நின்று வந்தான். கையில் பை இல்லை. எருமை எழுந்து வழிவிட்டது. நேரே வந்து, வாசலில் காலை உதறி, உள்ளே போய், அப்பாவின் சாய்வு நாற்காலியில் சாய்ந்தான். அதுவரை குறுக்கும் நெடுக்குமாக நின்ற பீரோ, கட்டில், கிரைண்டர், ஸ்கூட்டர் கூடு எல்லாம் சத்தமில்லாமல் நகர்ந்து அவனைச் சுற்றி வட்டமாக நின்றன.

"காப்பி இருக்கா?" என்றான். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அதுதான் முதல் வார்த்தை.

காலனி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். குரூப்பில் கும்பிட்ட கையும் ரோஜாப்பூவுமாகக் கொட்டியது. "என்ன இருந்தாலும் வந்துட்டாக பாத்தியா, நீ சொன்ன வாக்கு" என்றாள் ஒருத்தி. குருநாதன் சார் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு படி ஏறி, "நல்ல நாளும் அதுவுமா வந்திருக்காரு. பழசைக் கிளறாதம்மா. ஏத்துக்கோ" என்றார்.

பேச்சித்தாய் நடையிலேயே நின்றாள். ஆள் ரொம்பக் கருத்துப் போயிருந்தான், காதோரம் நரைத்திருந்தது. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது அவளுக்கு, அதை ஏன் மறைக்கணும், ஒரு காலத்தில் அவன் சைக்கிள் மணிச் சத்தத்துக்குச் சோற்றைக் கீழே வைத்துவிட்டு ஓடினவள்தான்.

"எதுக்கு வந்தீக?" என்றாள்.

"வரணும்னு வரல. காலு வந்துருச்சு."

"அங்க அவட்ட சொல்லிட்டு வந்தீகளா? போயிட்டு வர்றேன்னு?"

சங்கரபாண்டி தரையைப் பார்த்தான். "சொன்னேன். அவ, போன்னுட்டா."

"என்னன்னா?"

"போன்னா. அவ்வளவுதான். வாசல்ல நின்னு, எல்லாரும் பாக்க."

பேச்சித்தாய்க்குத் திருப்பூர் தெரியாது. அந்தப் பெண்ணின் பேரும் தெரியாது, கேட்டதும் இல்லை. ஒன்பது வருஷத்தில் அவளைத் திட்டாத திட்டு இல்லை. இப்போது முதல் தடவையாக அவளை மனசுக்குள் நினைத்துப் பார்த்தாள், ஏதோ ஒரு லைன்வீட்டு வாசலில், விளக்கு வைக்கிற நேரமோ என்னவோ, ஊர் பார்க்க நின்று, மச்சம் இல்லாத நாக்கால் அந்த ஒத்தை எழுத்தைச் சொன்னவளை. அவளுக்கு வந்த வாய் எனக்கு வராதா என்று நினைத்தாள். நினைத்ததுமே உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது.

காப்பி போடப் போகிறாள் என்று எல்லாரும் நினைக்க, அவள் அடுப்படிக்குள் போய் போனை எடுத்துவந்தாள். நாற்காலியும் அதில் சாய்ந்திருந்தவனும் சுற்றி நின்ற சாமானும் எல்லாம் ஒன்றாக விழும்படி ஒரு படம் பிடித்தாள். குரூப்பில் போட்டாள். கீழே ஒரு வரி: 'எல்லாம் கழியட்டும். யாருக்கு வேணும்?'

வாசலில் நின்ற அத்தனை இடுப்பிலும் பையிலும் போன் 'டிங்' என்றது. எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மயில் கடிகாரத்துக்கும் மூடி இல்லாத டப்பாவுக்கும் அடித்துப்பிடித்து 'எனக்கு' என்று எழுதின காலனி, அன்றைக்கு ஒரு எழுத்து எழுதவில்லை.

"ஏத்துக்கோ ஏத்துக்கோன்னீகளே" என்றாள் பேச்சித்தாய். "ஒருத்தருக்கும் வேண்டாமா? சார், உங்க வீட்டு மாடி காலியாத்தான கெடக்கு?"

குருநாதன் சார் ஏறின படியை இறங்கினார். "அம்மா, நல்ல நாளு..."

"இன்னைக்குப் போகி சார். கழியட்டும்னு பேரு வச்சது நீங்கதான்."

கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு போய் வாசலின் ஓரத்தில், வெளியே பார்த்து இல்லை, வீட்டுக்குள்ளே பார்த்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். நாக்கு வழக்கம் போலப் பாதியில் வழுக்கப் பார்த்தது, அதைப் பல்லால் கடித்துப் பிடித்து நிறுத்தினாள், மச்சத்தின் மேலேயே பல் பட்டது.

"போ" என்றாள்.

'ங்க' இல்லை, 'யிட்டு' இல்லை, 'வா' இல்லை.

முதலில் நாற்காலிதான் எழுந்தது, அவனைச் சாய்த்தபடியே. அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "காப்பி..." என்று என்னமோ சொல்ல வந்தான், நாற்காலி நிற்கவில்லை. அதன் பின்னால் பீரோ தலையைக் குனிந்து நிலைவாசலைத் தாண்ட, கட்டில் தாண்ட, கிரைண்டர் தாண்ட, ஒருநாளும் எங்கும் போகாத ஸ்கூட்டர் கூடும் துருப்பிடித்த சக்கரம் கத்தக் கத்த உருண்டு, தண்ணி லைனைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, வரிசையாகப் போயின. ரயில் வருகிற நேரம்தான், ஆனாலும் கேட் திறந்தே இருந்தது. தண்ணி லாரி அங்கேயேதான் நின்றது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"இந்த மாசம் பதினெட்டாந் தேதிக்குக் கிரைண்டர்..." என்றது ஒரு குரல்.

"கையால ஆட்டு" என்றாள் பேச்சித்தாய்.

அரைமணி நேரத்தில் போனில் ஒரு சேதி வந்தது, அட்மின் உங்களை நீக்கிவிட்டார் என்று. அவள் அப்போது தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாலு வாளி போதவில்லை, ஒன்பது வாளி ஆனது. கட்டில் கால் இருந்த இடத்தில் வட்டம் வட்டமாக இருந்த கறை மட்டும் போகவில்லை, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தரை காய்கிற வரை வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள். காய்ந்ததும் உள்ளே போனாள், நட்டநடுவில் மல்லாந்தாள், வலது கையை நீட்டினாள், இடது கையை நீட்டினாள். ரெண்டு கையும் எதிலும் இடிக்கவில்லை. சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள், தெருவுக்குக் கேட்டது, கேட்கட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெயக்கொடி நிலைவாசலில் வந்து நின்றாள்.

"மதினி, உள்ள வரலாமா?"

"வா. கையில ஒண்ணும் கொண்டாராத."

ஜெயக்கொடி இடுப்பில் செருகியிருந்த போனையும் சாவிக்கொத்தையும் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். பக்கத்தில் படுத்தாள். அவளும் கையை நீட்டிப் பார்த்தாள். ஜெயக்கொடி ஒன்றும் பேசாமல் இருந்ததை அந்தக் காலனி அதற்கு முன் கண்டதில்லை.

"இதுக்குத்தானா மதினி?" என்றாள் கடைசியில்.

"இதுக்குத்தான்."

"நல்லாத்தான் இருக்கு." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு வாசலுக்குப் போன ஜெயக்கொடி, பழக்கத்தில், "போயிட்டு வர்றேன் மதினி" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது, அப்படியே நின்று திரும்பிப் பார்த்தாள்.

பேச்சித்தாய் நீட்டின கையை மடக்கவில்லை. தன் ஆயுசிலேயே முதல் தடவையாக, அந்த வார்த்தையைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள். யோசித்து, ஜெயக்கொடி முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"போயிட்டு வா."